டோலிக் கம்பை எரித்த வெற்றி

எங்கள் ஊருக்கு ஜீப்பு வராது. குரங்கணியோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைதான். உடம்புக்கு முடியாதவர்களைப் போர்வையில் கிடத்தி, அதை ஒரு நீளக் கம்பில் முடிந்து, முன்னும் பின்னும் ஆட்கள் தோள்கொடுத்து இறக்குவோம். டோலி என்போம். அதனால் எங்கள் ஊரில் ஒருத்தி மாசமானால், எட்டாம் மாதமே கீழே போடி டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிடுவாள். பிள்ளை பெற்றுத்தான் திரும்புவாள்.

நான் இறங்கவில்லை. ஏனென்றால் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

பஞ்சாயத்துத் தலைவர் பதவி எப்போதும் கீழே இருப்பவர்களுக்குத்தான். ஓட்டுக் கேட்க மட்டும் மூச்சு வாங்க ஏறி வருவார்கள். இந்தத் தடவை ஏலத்தோட்டத்தில் என்னோடு காய் எடுக்கிறவள் ஒருத்தி நின்றாள். சொந்தம் இல்லை, ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். நின்றவள் ஜெயித்தும் விட்டாள். மலையிலிருந்து ஒருத்தி, அதுவும் கூலிக்காரி!

"மொதச் சோலி ரோடுதான்" என்றாள், போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பொங்கிய விருந்துக்கு விறகு போதவில்லை. யாரோ டோலிக் கம்பை எடுத்துவந்து அடுப்பில் சொருகினார்கள். "இனி இது எதுக்கு?" என்று ஊரே கைதட்டியது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

சொன்னபடி பொக்லைன் வந்தது. குரங்கணிக்கு மேல் கொஞ்ச தூரம் மண்ணை வழித்தது. "எதுக்குப் புள்ள போடிக்குப் போயி அடுத்தவுக வீட்டுல கெடக்கணும்? ஜீப்பு வாசலுக்கே வந்துரும்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் ஆசை. பிறகு, காட்டுக்குள் ரோடு போட மேலிடத்து அனுமதி இல்லை என்று ஃபாரஸ்ட்காரர்கள் பொக்லைனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதினி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். இந்தா வந்துவிடும், அந்தா வந்துவிடும் என்று காத்திருந்தோம். மழைதான் வந்தது.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே எனக்கு வலி கண்டுவிட்டது. கம்பு எங்கே இருக்கிறது? கொட்டுகிற மழையில் ஓடிப்போய் ஒரு பச்சை மரத்தை வெட்டிவந்தார்கள். பாதி வழியில் அது முறிந்தது. நான் பாறையில் கிடந்தேன். அய்யோ, என்னை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டுமாவது கொண்டுபோங்கள் என்று கத்தினேன். வயிற்றில் இருக்கிறதை எப்படிக் கொண்டுபோவார்கள்? வேறு கம்பு வெட்டிக் கட்டினார்கள். முன்னால் தோள்கொடுத்தவர்களில் மதினியும் இருந்தாள். "தாங்கிக்க ஆத்தா, இந்தா வந்துருச்சு" என்று வழிநெடுக அழுதாள்.

போடி ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழவே இல்லை.

விடிந்ததும் மதினி என் கட்டிலருகே வந்து நின்றாள். தோள் வீங்கியிருந்தது, சேலை இன்னும் காயவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஜெயிச்சியே, என்னத்தக் கிழிச்ச? நீ தோத்திருந்தா நான் ஒழுங்கா போடிக்கு எறங்கிருப்பேன். எம்புள்ள பொழச்சிருக்கும்" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"ஏசு, நல்லா ஏசு" என்றாள். "இந்தப் பதவி வேணாமுன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கே காய் எடுக்க வந்துர்றேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்குக் குலை நடுங்கியது. இவளும் விட்டுவிட்டால் எங்களுக்கென்று கேட்க யார் இருக்கிறார்கள்? பாழாய்ப்போன நம்பிக்கை, என் பிள்ளையைத் தின்ற பிறகும் என்னை விட்டுத் தொலையவில்லை. அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"கிறுக்கி மாதிரிப் பேசாத. கலெக்டர் ஆபீசு தெறக்குறப்ப நீ வாசல்ல நிக்கணும். வெரசா போ மதினி. மேல இன்னும் ரெண்டு பொண்ணுக மாசமா இருக்காளுக."