என்றால் சரிதான்

வியாபார வழக்குகளில் அழுகை இருக்காது என்று நம்பித்தான் நான் அந்தப் பக்கம் போனேன். எதிரில் உட்கார்ந்து யாராவது அழுதால் எனக்கு இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வந்துவிடும். என்ன செய்ய, பிறவிக் குணம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் என் அலுவலகம். ஒப்பந்தம், பங்கு, கூட்டு வியாபாரம் என்று இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்கள் முழுக்க அதுவே பிழைப்பு. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமும் கடற்கரை ஓரமும் நிலம் விலை ஏற ஏற, நேற்றுவரை ஒரே டம்ளரில் டீ குடித்த கூட்டாளிகள் தனித்தனியாக என் படியேறி வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் ஐஸ் ஃபேக்டரி அக்கா. கடற்கரைக் குப்பத்தில் மீன் வியாபாரம். ஐம்பது வயதிருக்கும். கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, குப்பத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஐஸ் ஃபேக்டரி நடத்திவந்தார். திடீரென்று ஒருநாள் அந்தக் கூட்டாளி, "அந்தம்மா தானே வாயால சொல்லி விலகிட்டாங்க" என்று கிளப்பிவிட்டு, அடுக்குமாடி கட்டுகிறவர்களிடம் இடத்தை விலை பேச ஆரம்பித்துவிட்டார். விற்பனையைத் தடுக்கச் சொல்லி நாங்கள் வழக்குப் போட்டோம்.

"ஐஸு நம்ம கைல கீற வரைக்கும்தாம்மா மீனு நம்மளுது," என்றார் அக்கா. "இல்லாங்காட்டி ஏவாரி கேக்கற வெலைக்குக் குட்த்துட்டு வூட்டுக்கு வர வேண்டிதுதான்."

இதைவிடத் தெளிவாக எந்தக் கம்பெனி முதலாளியும் தன் வழக்கை எனக்குச் சொன்னதில்லை.

அக்காவிடம் ஒரு பழக்கம். நாம் எது பேசினாலும் நடுநடுவே "சரி" போடுவார். "இன்னைக்கு மின்சார ரயில்ல கூட்டம்" என்றாலும் சரி, "மாடியில தண்ணி வரல" என்றாலும் சரி. சிலர் உம் கொட்டுவார்கள் இல்லையா, அதுமாதிரி. காது கொடுத்துக் கேட்கிறேன், மேலே சொல்லு என்பதுதான் அதற்கு அர்த்தம். சாட்சி சொல்வதற்கு முன் நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அக்கா, அவர் கேள்வியை முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"சரிம்மா."

"இந்த சரியும் வேண்டாம்."

"சரிம்மா."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

எதிர்த்தரப்பு வக்கீல் கத்துகிற ஆள் என்றால் அக்கா உஷாராகியிருப்பார். குப்பத்தில் வளர்ந்தவரைக் கத்தி மிரட்ட முடியாது. அந்த மனிதரோ வீட்டுப் பெரியவர் மாதிரி, மெதுவாக, கதை சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"பாருங்கம்மா, மீன் வியாபாரம் ஒரு பக்கம், ஃபேக்டரி ஒரு பக்கம்."

"சரி சார்."

"உங்களுக்கும் வயசாகுது."

"சரி."

"ரெண்டையும் பாக்க முடியல. அதனால நீங்களா விருப்பப்பட்டு கூட்டிலிருந்து விலகிட்டீங்க."

"சரி சார்."

டைப்பிஸ்டின் விரல்கள் ஓடத் தொடங்கின. நான் எழுந்துவிட்டேன். "யுவர் ஆனர், அவங்க ஒத்துக்கலை. உம் கொட்டுறாங்க, அவ்வளவுதான்."

"சாட்சிக்குப் பதிலா வக்கீல் பதில் சொல்றாங்களே," என்றார் அவர், அதே சாந்தமான குரலில். நீதிபதி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என்னைப் பார்த்து உட்காரும்படி கை காட்டினார்.

எங்கள் நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணையைக் கேள்வி, பதில் என்று பிரித்து எழுதுவதில்லை. இரண்டையும் சேர்த்து, சாட்சியே பேசியதுபோல ஒரே வாக்கியமாக்கிவிடுவார்கள். மறுத்தால் 'என்றால் சரியல்ல' என்று முடியும். அக்காவுக்கு இப்படி முடிந்தது: 'நான் என் விருப்பத்தின் பேரில் கூட்டிலிருந்து விலகிக்கொண்டேன் என்றால் சரிதான்.' தன் ஆயுளில் அக்கா அப்படி ஒரு வாக்கியம் பேசியதே இல்லை. அதில் அவருடையது கடைசியில் இருந்த அந்த ஒரு சொல் மட்டும்தான்.

மறு விசாரணைக்கு அனுமதி வாங்கி, "கூட்டிலிருந்து விலகினீர்களா?" என்று கேட்டேன். அக்கா திகைத்துப்போனார். "நான் இன்னாத்துக்கும்மா வெலகணும்?" என்றார். அதையும் எழுதினார்கள். ஆனால் மேலே இருந்தது போய்விடவில்லையே. கடைசியில் கிளார்க் எல்லாவற்றையும் முணுமுணுவென்று வாசித்துவிட்டு, "சரியா இருக்காம்மா?" என்றார்.

"சரி சார்," என்று அக்கா கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. வாதியே ஒப்புக்கொண்டுவிட்டதற்கு வேறு சாட்சி தேவையில்லை; தன் வக்கீல் கேட்டபின் அவர் மறுத்தது பிறகு யோசித்துச் சொன்னது. இப்படி இரண்டே பத்தி. படிக்கப் படிக்க, சட்டப்படி அதில் எங்கேயும் ஓட்டை இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்ச் சாட்சி என்றால் உடைக்கலாம். கேட்டுக்கொள்கிறேன் என்று மரியாதைக்குச் சொன்ன சொல்லை எதை வைத்து உடைப்பது? ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது, ரோட்டில் போகிறவர்கள் செல்ஃபோனில் "சரி, சரி" என்று பேசுவதெல்லாம் காதில் அறைந்தது.

அடுத்த வாரம் அக்கா வந்தார். ஃபேக்டரிக்குப் பூட்டு விழுந்துவிட்டது, மீனை அன்றன்றைக்கே தள்ளிவிடுகிறேன் என்றார். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மேல்முறையீடு போடலாம், சில வருஷம் இழுக்கும், அதற்குள் இடம் கை மாறாமலிருக்கத் தடை கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று நான் பேசிக்கொண்டே போனேன். பாதியில்தான் உறைத்தது. எதிரிலிருந்து சத்தமே இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் சொல்றது கேக்குதா?"

கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"கேக்குதும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "சரின்னு சொன்னா எதனா எழுதிக்கினு பூடுவாங்கோ."

அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.