பிரேதக் கொட்டகை வாசலில்

அறுபதுகளின் கடைசியில் புதுவயலில் ஓர் அரிசி மில்லில் நான் லாரி டிரைவர். அங்கே மூட்டை தூக்கும் ஒருவனோடு ஒரு சாயங்காலம் சண்டை வந்தது. லாரியைப் பின்னால் எடுக்கிறேன். சக்கரத்துக்கு நேராக நின்றவன் ஹாரன் அடித்தும் நகரவில்லை. இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்து, "ஒரு நாளைக்கி ஒன்னக் கொல்லாம விடமாட்டேன்டா" என்று கத்தினேன். மில்லே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் தனியாகக் குளிக்கப் போனவன் மில் கிணற்றில் பிணமாகக் கிடந்தான். கொக்கி போட்டு மேலே இழுத்தார்கள். பின்மண்டை கிழிந்திருந்தது. மத்தியானத்துக்குள் நான் லாக்கப்பில்.

காலை நீட்ட இடமில்லாத அறை. மூத்திர நாற்றம். "மண்டையில அடிச்சுத் தள்ளுனேன்னு ஒத்துக்கிரு. அடியாச்சும் மிச்சம்" என்றார் ஏட்டு. சொன்ன சொல்லை மறுக்க முடியாது. செய்யவில்லை என்று காட்டவும் வழியில்லை. ஒத்துக்கொண்டுவிடலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்தேன்.

பிரேதப் பரிசோதனை நடந்த அன்று என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பிரேதக் கொட்டகைத் தூணில் விலங்கோடு கட்டினார்கள். எதிரே செத்தவனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "மண்டைக் காயம் செத்ததுக்கப்புறம் பட்டது. உயிரோட இருக்கப்பப் பட்டிருந்தா சுத்தியுள்ள சதையில ரத்தம் கட்டியிருக்கும். இதுல கட்டலை. தூக்குறப்ப கொக்கி கிழிச்சிருக்கு."

எனக்கு மூச்சு வந்தது.

"உயிரோட தள்ளிவிட்டிருக்கலாமே சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூச்சுக்குழாய்ல நுரையும் கிணத்துச் சேறும் இருக்கு. உயிரோடதான் விழுந்திருக்கான். தள்ளுனாங்களா, தானா விழுந்தானான்னு அதை வச்சுச் சொல்ல முடியாது."

வந்த மூச்சு போய்விட்டது.

"ஆனா நாக்கோட ஓரம் கடிபட்டிருக்கு. பக்கத்துலயே பழைய கடித் தழும்பும் இருக்கு." அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, இவருக்கு வலிப்பு உண்டா?"

"இல்லங்கய்யா."

"அய்யா, அன்னைக்கி லாரிக்குப் பின்னாடி கண்ணு நெலகுத்தி நின்னானுங்கய்யா! நான் திமிருன்னு நெனச்சேன்!" என்று தூணிலிருந்தே அலறினேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "மில்லுல தெரிஞ்சா வேலைக்கு வச்சுக்கிற மாட்டாகன்னு, ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாக அய்யா. ஒரு தடவ அடுப்புலகூட விழப் பாத்தாக."

அவன் வலிப்பில் விழுந்ததைக் கண்ட இன்னும் இரண்டு பேர் அவன் சொந்த ஊரான மானகிரியிலிருந்து வந்து சொன்ன பிறகு விலங்கைக் கழற்றினார்கள்.

பிரேதத்தை மானகிரிக்குக் கொண்டுபோக மில் லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் எனக்குப் பதிலாக வந்த டிரைவர். பிணத்தோடு ஓட்டமாட்டேன் என்று இறங்கிவிட்டார். நான்தான் ஏறினேன். பின்னால் கணவன் தலைமாட்டில் அவள். கொஞ்ச தூரம் போனதும் கேபினைத் தட்டினாள்.

"மெல்லப் போங்கண்ணே. அவுகளுக்குத் தலை ஆடுது."

மெல்லத்தான் போனேன். மறுபடி மில்லில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அந்த வருஷமே வேறு ஊருக்கு வண்டி ஓட்டப் போய்விட்டேன்.