மே முப்பத்தொன்றில் பிறந்த ஐந்து பேர்

மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் படிவத்தில் பிறந்த தேதியை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். ஐந்தாவது முறையும் பார்ப்பேன்.

சங்கரன்கோவிலில் நாங்கள் படித்த பள்ளியில் பெண்களுக்கு ஒரு பேஸ்பால் அணி இருந்தது. அக்காதான் பந்தெறிபவள். அந்த அணியில் ஐந்து பேருக்கு ஒரே பிறந்தநாள், மே முப்பத்தொன்று. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். முடியாத பிள்ளைகளுக்கெல்லாம் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் அந்தத் தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். பெற்றோருக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது.

அக்கா எட்டாவது படிக்கும்போது பாளையங்கோட்டையில் விளையாட்டுத் தேர்வு நடந்தது. எடுத்துக்கொண்டால் விளையாட்டு விடுதியில் தங்கி மேலே படிக்கலாம். இல்லையென்றால் அப்பாவோடு விசைத்தறிக் கூடத்துக்கு, நூல் சுற்ற. அப்பா அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். அம்மா துணைக்கு என்னை அனுப்பினாள். எனக்கு ஏழு வயது.

அக்கா எறிந்த பந்தை ஒருத்தியாலும் தொட முடியவில்லை. அவள் பெயரைப் பட்டியலில் எழுதியாயிற்று. அதே பிறந்தநாள் கொண்ட தோழிகள் நால்வரின் பெயர்களும் அதன் கீழேயே இருந்தன. சான்றிதழ்களைப் புரட்டிய அதிகாரி சிரித்தார்.

"என்ன சார், அஞ்சும் ஒரே நாள்லயா? உங்க ஊர்ல அன்னைக்கு மட்டும்தான் பிள்ள பெறுவாவளோ?"

"அப்படி அமைஞ்சிட்டு சார்" என்று எங்கள் பி.டி. ஆசிரியரும் சிரித்தார்.

அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அத்தோடு முடிந்திருக்கும். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "ஏட்டி, பொறந்தநாளுக்கு உங்க அக்கா மிட்டாய் தருவாளா?" என்றார்.

"தபசுக்குல்லா தருவா சார். அக்கா ஆடி மாசம், தபசுத் திருவிழா அன்னைக்குத்தான் பொறந்தா. மே மாசம் ஹெட்மாஸ்டர் போட்டது."

நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

அக்கா சான்றிதழில் இருப்பதைவிட இரண்டு மாதம் இளையவள். வயது வரம்பு அவளுக்குத் தடையே இல்லை. ஆசிரியர் அதைச் சொல்லித்தான் கெஞ்சினார். "தெரிஞ்ச பெறவு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுவேன்?" என்று அதிகாரி ஐந்து பெயர்களையும் அடித்தார்.

நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்லியிருப்பார்களோ? இல்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருபது வருஷமாக இதையே கேட்டுக்கொள்கிறேன். அக்கா இன்றும் நூல்தான் சுற்றுகிறாள். நான் கல்லூரிக்குப் போனதும் அவள் உழைப்பில்தான்.

அன்று திரும்பும்போது அவள் என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக்கூட எனக்கு விட்டுக்கொடுத்தாள். பனவடலிசத்திரம் தாண்டிய பிறகும் பேஸ்பால் கையுறைக்குள் முகத்தை வைத்தபடியே இருந்தாள். பாவம், களைத்துப்போய்த் தூங்குகிறாள் என்று நினைத்து, நான் சத்தம் போடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.