ரொட்டியும் பாஸ்போர்ட்டும் ஒரே பையில்

எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தை முடித்ததிலும் ஆசிரியை ஆனதிலும் நான்தான் முதல் என்பதால், இதையும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இலங்கையில், புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் அப்பா, அந்தச் சின்னப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். மழைக் காலத்தில் மரத்தின் வெட்டு நனையாமல் சுற்றிக் கட்டுகிற தடித்த பொலித்தீனில் ஒரு துண்டை வெட்டி அதற்கு உறை போட்டார்.

"எங்க போனாலும் இது உன் கையில இருக்கணும். ரூம்ல கீம்ல வச்சிட்டுப் போயிறாத," என்றார்.

பிரஜாவுரிமைக் காகிதத்துக்காகப் பல வருடம் அலைந்த குடும்பம் எங்களுடையது. அதனால் ஆசிரியர் பயிற்சிக்காகத் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் இருந்த நாளெல்லாம் அது இருந்த பை என் தோளை விட்டு இறங்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் கடலோரம் சுற்றிக்காட்ட வேனில் கூட்டிப் போனார்கள். வெளிச் சாப்பாட்டை நம்பாமல் விடுதிக் குசினியில் ரொட்டி சுட்டேன். அம்மா மிளகாய் இடித்துப் போத்தலில் கொடுத்துவிட்டிருந்த கட்டசம்பலை உள்ளே வைத்துச் சுருட்டி, பாஸ்போர்ட் இருந்த பையிலேயே வைத்தேன்.

என்னோடு இலங்கையிலிருந்து வந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். யட்டியாந்தோட்டை பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்து ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் பென்குவின்களைப் பார்த்தோம். மணலில் முட்டி மோதிக்கொண்டு, கழுதைக் குரலில் கத்திக்கொண்டிருந்தன.

"எங்கட ஸ்கூல் அசெம்பிளி தான் தங்கச்சி. ஒன்டும் லைன்ல நிக்குதில்ல," என்றார் டீச்சர்.

அடுத்தது நிலம் கடலுக்குள் நீண்டு முடிகிற முனைப் பக்கம். அங்கே பபூன் குரங்குகள் இருக்கும், சாப்பாட்டை வெளியே எடுத்துப் போகாதீர்கள் என்று டிரைவர் இரண்டு தடவை சொன்னார்.

"எங்க லயத்து வீட்டுல குரங்கு ஜன்னலால வந்து சோத்துச் சட்டியவே தூக்கிட்டுப் போகும் டீச்சர். நான் பார்க்காத குரங்கா?" என்று இறங்கினேன்.

பத்தடி நடந்திருக்க மாட்டேன். பின்னாலிருந்து ஒரு இழுப்பு. திரும்பினால், பெரிய நாயளவு ஆண் குரங்கு என் பையோடு கல்மதிலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் பாறை, அதற்குக் கீழே கடல். நாளைக்கு எனக்குப் பிளேன்.

பழக்க தோஷத்தில் கல்லெடுக்கக் குனிந்தேன். எங்கள் ஊர்க் குரங்கு குனிந்தாலே ஓடிவிடும். இது பல்லைக் காட்டியது. டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்தில் வேலை செய்கிற மலையில் சாப்பாட்டுப் பையைக் குரங்கு தூக்கினால் எங்கள் பெண்கள் துரத்துவதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். தின்ன முடிந்ததைத் தின்றுவிட்டு மிச்சத்தை அது போட்டுவிட்டுப் போகும்.

"திரும்பிக்குங்க டீச்சர். நமக்கு வேணும்னு தெரிஞ்சா அது விடாது," என்றேன்.

நான் வேன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சரும் திரும்பினார். ஆனால் செல்ஃபி எடுப்பவர்போல் போனைத் தூக்கிப் பிடித்து, அதில் மதிலைப் பார்த்து நேர்முக வர்ணனை கொடுத்தார்.

"ரொட்டிப் பார்சல எடுத்துட்டான்."

"பாஸ்போர்ட்?"

"பைக்குள்ள தான். இரிங்க, அதையும் எடுத்துட்டான். மணந்து பார்க்கிறான்."

"கடல்ல போட்டானா?"

"இல்ல. கடிக்கிறான்."

திரும்பாமல் இருந்ததுதான் அன்று நான் செய்த மிகப் பெரிய வேலை.

"பொலித்தீன் ருசி புடிக்கல்ல போல. மதில்ல வச்சிட்டான். இப்ப ரொட்டி. நல்லாத் தின்னுறான். தங்கச்சி, சம்பலுக்கு வந்துட்டான்." டீச்சரின் குரல் உயர்ந்தது. "நாக்க நீட்டுறான். வாயக் கல்லுல தேய்க்கிறான். உங்கட அம்மா எத்தன கொச்சிக்கா போட்டாங்க?"

குரங்கு மிச்ச ரொட்டியை எறிந்துவிட்டு, தும்மிக்கொண்டே புதருக்குள் போனது. டிரைவர் மெதுவாகப் போய்ப் பையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துவந்தார். பொலித்தீனில் இரண்டு ஓட்டை, அட்டையின் மூலையில் இரண்டு பள்ளம். உள்ளே ஒரு தாளும் கிழியவில்லை, ஒரு சொட்டு எண்ணெயும் இறங்கவில்லை. டிரைவர் என்னை ஆங்கிலத்தில் நீளமாகத் திட்டினார். எனக்கு எல்லாம் புரிந்தது. அதுவும் ஒரு பெருமைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் பள்ளங்களை விரலால் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்து முடியும் வரைக்கும் அவர் மேசையிலிருந்த முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு முத்திரை விழுந்தது.

வீட்டில் முதல் வேலையாக அந்த முத்திரையைக் காட்டத்தான் பையைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் அன்று போனில் பிடித்து அனுப்பிய வீடியோ எனக்கு முன்னால் லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பா பொலித்தீனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு சுத்து சுத்திருக்கணும்," என்றார்.

"சம்பல முழுசாத் தின்னுச்சா?" என்றாள் அம்மா.

வந்தவர்கள் எல்லாரும் பல் பட்ட இடத்தைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். முத்திரை இருந்த பக்கத்தை ஒவ்வொருவருக்கும் நானே திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.