ஒழுக்க விதி ஏழு

போன சனிக்கிழமை நெடுங்கேணி பஸ்ஸில் ஏறினேன். சட்டைப் பையில் ஒரு நல்ல கடிதம். வழி முழுக்க எனக்கு ஒரே புழுகம், தலைகால் தெரியாத சந்தோசம்... மடையன், வேறென்ன?

நான் வவுனியாவில் ஒரு நெசவுப் பயிற்சிப் பள்ளியில் படிப்பிக்கிறவன். அங்கே பரமேஸ்வரி என்றொரு பிள்ளை, குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் கமக்காரரின் மகள். படு கெட்டிக்காரி. இறுதிச் சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டில் அவளுக்கு எழுத்து முடித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம்தானே — பதிவாளர் முன் முதலில் கையெழுத்து, தாலி பிறகு ஆறுதலாக.

பள்ளி அதிபர் விதிப் புத்தகத்தை விரித்தார். ஏழாம் விதி: மணமானவர்கள் இங்கே படிக்கக் கூடாது.

"சேர், எழுத்து மட்டும்தான். தாலி இன்னும் கட்டேல்லை. சோதனையை எழுத விடுங்கோ" என்று அவள் கும்பிட்டாள்.

விசாரித்தது மூன்று பேர். அதில் நானும் ஒருவன். இந்த விதியை யார் போட்டது, யார் அங்கீகரித்தது என்று ஒருவராவது கேட்டோமா? மேசையில் அச்சடித்த படிவம் கிடந்தது: 'ஒழுக்க விதியை மீறியதால் நீக்கப்படுகிறார்.' பெயரை நிரப்பிக் கையெழுத்து வைத்து வீட்டுக்கு அனுப்பினோம். பிறகு தேத்தண்ணீர் வந்தது, குடித்தோம்.

தகப்பன் கொழும்பில் இலாகாவுக்கு மனுப் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்குப் பதில் வந்தது. அந்த விதிகளை இலாகா ஒருநாளும் அங்கீகரித்ததில்லை, நீக்கியது செல்லாது, பிள்ளையைத் திரும்பச் சேர்க்கவும். அதைத்தான் பையில் வைத்துக்கொண்டு நெடுங்கேணியில் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

தகப்பன் கதிரை போட்டு இருத்தினார். கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"மாஸ்டர், உங்கட முதல் கடுதாசியில ஒழுக்கம் எண்டு மட்டும்தானே கிடந்தது? என்ன குற்றமெண்டு எழுதேல்லை. மாப்பிள்ளை பகுதி அதை வாசிச்சுப்போட்டு, பெட்டை என்னவோ செய்துபோட்டாள், தாலி கட்ட மாட்டம் எண்டிட்டினம்."

மணமானவள் என்று நீக்கினோம். அதனாலேயே அவள் கலியாணம் நின்றது. சட்டப்படி மனைவி, ஊருக்கு... ஐயோ, அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன்.

"பிள்ளை திரும்பி வரட்டும். அடுத்த சோதனை எழுதலாம்" என்றேன்.

பரமேஸ்வரி கதவடியில் நின்றாள். "அங்கை வந்தாலும் என்ன செய்தனி எண்டுதானே கேப்பினம், சேர்? நான் வரேல்லை."

தகப்பன் கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார்.

"விதி செல்லாதெண்டு கொழும்பு எழுதித் தந்திட்டுது, சந்தோசம். ஊர்க்கதை செல்லாதெண்டு எழுதி வாங்க ஆரிட்டைப் போறது, மாஸ்டர்?"

பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

தகப்பனையும் பிள்ளையையும் கேட்டுவிட்டுத்தான் பெயரோடு இதை எழுதுகிறேன்: பரமேஸ்வரி எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றம் செய்தது நாங்கள் மூவர்.

இதன் கீழே வைக்கிற இந்தக் கையெழுத்தை அன்றைக்கே வைத்திருக்க வேண்டும்.