கோட்டையில் பெண் பார்த்து, நானா கடையில் கை நனைத்தது

பக்கத்து அறையில் இருந்துகொண்டே என் மகள் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். செண்டாயானில் இருக்கும் இந்த வரிசை வீட்டில் நான் தும்மினால் பக்கத்து வீட்டில் நலம் விசாரிப்பார்கள். இருந்தாலும் எழுத்தில்தான் கேட்டாள்: "அப்பா, ஞாயித்துக்கெழம மலாக்கா போறோம். கோட்டகிட்ட எங்க சாப்பிட நல்லாருக்கும்?"

வேறு யாராக இருந்தாலும் சாப்பாடு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு டயர் ஞாபகம் வந்தது. பின் டயர் ஒன்று தேய்ந்திருக்கிறது. பிறகு மழை. பிறகு நெடுஞ்சாலை. இத்தனையும் கடந்து நான் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அடுப்படியில் மனைவி மீன் குழம்புக்கு வெந்தயம் தாளித்துவிட்டாள். அந்த வாசனை என்னை நேராக மலாக்காவின் சிவப்புக் கட்டடத்துக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய சந்தில் இருந்த நானா கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தது. எங்கள் பக்கம் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். அந்த நானாவின் சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அப்போது நான் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் பால்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். லோரியைக் கிளப்புவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் உதைத்துப் பார்ப்பேன். பாதி வழியில் நிறுத்தி இன்னொரு முறை உதைப்பேன். 'சக்கரத்துக்கு வாயிருந்தா அழும்' என்று எங்களை மேய்க்கும் மண்டோர் கேலி செய்வார்.

எனக்கு லுக்குட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பெண் வந்தது. பார்க்கும் இடம் எது என்பதில்தான் சிக்கல். அதற்கு முன் லோபாக்கில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னதில், அந்தத் தெருப்பக்கமே எங்கள் தாய்மாமாவால் தலைகாட்ட முடியவில்லை. அதனால் இந்த முறை மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு வீட்டாரும் மலாக்காவுக்குச் சுற்றிப் பார்க்கப் போவது. கோட்டை வாசலில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது. சரிப்பட்டு வந்தால் சந்தோஷம், இல்லையென்றால் மலாக்கா பார்த்ததோடு போயிற்று. யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் சனத்தில் சம்பந்தம் பேசி முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரோடு கை நனைக்க மாட்டார்கள். அதாவது ஒரே இடத்தில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு வாபஸ் கிடையாது. அம்மா முதல் நாளே எச்சரித்துவிட்டார். "நான் சரின்னு சொல்றதுக்கு முன்ன ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கிக் குடிச்சிராத. ஒனக்குத்தான் பயத்துல என்ன செய்றோம்னே தெரியாதே."

அதற்காகவே விடியலில் எழுந்து நாசி லெமாக் கட்டினார். தேங்காய்ப்பாலில் வாசனைக்குப் பந்தான் இலை போட்டு வேகவைத்த சோறு, காரச் சம்பால், அவித்த முட்டை. வாழையிலையில் பொட்டலமாக மடித்து அந்தப் பையை என் கையில் கொடுத்தார். மற்றொரு கையில் குடை. சட்டைப் பையில் தைலப் புட்டி, வயிற்றுப்போக்கு மாத்திரை, டார்ச்லைட். பட்டப்பகலில் டார்ச்லைட் எதற்கு என்று கேட்காதீர்கள். இன்றுவரை எனக்கும் தெரியாது.

கோட்டை என்று பெயர்தான், மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாசல். வீட்டை இடித்துவிட்டு நிலையை மட்டும் விட்டு வைத்த மாதிரி. அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுக்கா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம்? உள்ள ஒண்ணுமே இல்லியேடா."

அந்த நேரம் பார்த்து அவர்கள் வந்தார்கள். பெண், அவளுடைய அப்பா, அத்தை. "அட, நீங்களுமா?" என்றார் மாமா. கூத்துமேடையில்கூட அப்படி ஒரு நடிப்பைப் பார்த்திருக்க முடியாது. பெண்ணின் அப்பாவும் சளைத்தவர் இல்லை. "சும்மா காத்து வாங்க வந்தோம்" என்றார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

எல்லோருமாகக் குன்றின் மேலிருக்கும் இடிந்த தேவாலயத்துக்கு ஏறினோம். பெரியவர்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்தில் அவள் என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பத்தாவதுக்கும் மேல் படித்தவள். மறைத்துவைத்துப் பிறகு மாட்டிக்கொள்வதற்குப் பயந்து நானே உளறிவிட்டேன். "நான் ஆறாவதோட நின்னுட்டேன்."

"பிரேக்கு எங்க இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப போதும் லா."

அவ்வளவுதான். எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அம்மா என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார்: "வாயாடியா இருக்கா. வீட்டுக்குப் போயி யோசிப்போம்." எங்கள் வீட்டு அகராதியில் யோசிப்போம் என்றால் முடிந்தது என்று பொருள். லோபாக் பெண்ணையும், அதற்கு முந்தைய பெண்ணையும் அப்படித்தான் யோசித்தோம். அன்று மத்தியானத்துக்குள் ஏதாவது நடக்காவிட்டால் இவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கவலைப்படுவதைத் தவிர வேறொன்றும் எனக்குச் செய்யத் தெரியாது. ஆகவே கவலைப்பட்டேன். கவலை முற்றிய இடத்தில் சோற்றுப் பையை மோந்து பார்த்தேன். என்னவோ மாதிரி இருந்தது. தேங்காய்ப்பால் சோறு, விடியலில் கட்டியது, பஸ் சூட்டில் வந்தது. சாப்பிட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? யாரையும் கேட்காமல் பையோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

"எங்கடா சோறு?" என்றார் அம்மா.

"கெட்டுப்போச்சும்மா. ஒரு மாதிரி வாட வந்துச்சு."

"அது பந்தான் வாசனடா, பைத்தியக்காரா!"

அந்தச் சத்தத்துக்கே காத்திருந்ததுபோல் மழை பிடித்துக்கொண்டது. ஒரு குடைக்குள் ஆறு பேர் நுழைய முடியாது. ஓடினோம். கண்ணில் பட்ட முதல் கடையில் ஏறினோம். அதுதான் நானா கடை. ஊரே அதற்குள் ஒதுங்கியிருந்தது. காலியாக இருந்தது ஒரே ஒரு நீள மேசை.

மாமா அசரவில்லை. அவர்கள் அந்தக் கோடி, நாங்கள் இந்தக் கோடி, நடுவில் இரண்டு நாற்காலி காலி என்று பங்கு பிரித்தார். ஆறு பேர் என்று எண்ணிக்கொண்ட நானா ஆறு இலையை நெருக்கிப் போட்டு, சோற்றைப் பரிமாறி, நட்டநடுவில் ஒரு பெரிய சட்டி மீன் தலைக் கறியை வைத்தார். ஆவி பறந்தது. வெந்தயம், புளி, வெண்டைக்காய்.

"நாங்க வேற, அவங்க வேற" என்றார் மாமா.

நானா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே மழையில நனஞ்சுட்டு வேறென்ன வேற? நடு சீட்டுல வந்து ஒக்காருங்க லா, ஆள் நிக்கிறாங்க."

வேறு வழியில்லாமல் நகர்ந்தோம். நகர்ந்த நகர்த்தலில் அவள் எனக்கு எதிரே வந்துவிட்டாள். யாரும் சோற்றைத் தொடவில்லை. பெண்ணின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா தண்ணீர்க் கிளாஸைப் பிடித்தபடி கூரையைப் பார்த்தார். நான் முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. மீன் தலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள்.

"முள்ளு" என்றேன். "சின்னதுல ஒரு தடவ தொண்டையில மாட்டிக்கிச்சு."

அவள் யாரையும் பார்க்கவில்லை. மீனின் கன்னத்துச் சதையைக் கரண்டியால் அப்படியே பெயர்த்து என் இலையில் வைத்தாள். "இதுல முள்ளு இருக்காது. சாப்புடுங்க."

சாப்பிட்டுவிட்டேன். சோற்றோடு பிசைந்து, இரண்டு வாய். மூன்றாவது வாய்க்குக் கை போகும்போதுதான் மேசை மொத்தமும் அடங்கிப்போனது காதில் விழுந்தது. மாமா கிளாஸைக் கீழே வைத்தார். டக் என்ற அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. அத்தை வாயில் கை வைத்தார்.

"கை நனைச்சிட்டானே" என்றார் மாமா, செத்த குரலில்.

அம்மா என்னைப் பார்த்தார். கறி வழிந்த என் விரல்களைப் பார்த்தார். பிறகு அவளை, ரொம்ப நேரம். நான் அந்த நேரத்தில் எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ தெரியாது.

"முள்ளு பாத்துத்தான் குடுத்திருக்கா" என்றார் அம்மா. சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "எங்க, எனக்கும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா."

இன்றுகூட மனைவியைக் கேட்டால், வழக்கமெல்லாம் தனக்குத் தெரியாது, பசித்த மனுஷனுக்குக் கொடுத்ததாகச் சொல்வாள். நான் நம்பவில்லை. அவளும் நான் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. மாமாவும் போய்விட்டார். நான் பால் லோரி ஓட்டிய ரப்பர்க் காடெல்லாம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. சில வருடம் முன்பு மலாக்கா போனபோது நானா கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக் கடை. குளிர்சாதனம், மெல்லிய பாட்டு, இரண்டிரண்டு பேருக்கான சின்னச் சின்ன மேசைகள். நீள மேசை ஒன்றுகூட இல்லை.

மகளுக்கு இதையெல்லாம் தட்டி, அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினேன்: "டயரப் பாத்துக்க. மழ வந்தா மொதல்ல தெரியற கடையில ஏறிடு. யாரு யாரு போறீங்க?"

பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பதில் வந்தது. "நானும் அவரும்தான்பா."

அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் அந்தப் பையன் எங்கள் வீட்டில் ஏற்கெனவே நான்கைந்து முறை சாப்பிட்டிருக்கிறான். ஒரு தடவை இரண்டாம் முறை சோறும் கேட்டு வாங்கினான். நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன மேசை ஒன்றில் உட்கார்ந்து அவள் அவன் தட்டில் எதையாவது எடுத்து வைப்பாள். அவனும் சாப்பிடுவான். சுற்றிலும் ஒருவரும் டக்கென்று கிளாஸைக் கீழே வைக்க மாட்டார்கள்.