கீழே ஒப்பமிட்டவர்

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் கம்பனி ஒன்றின் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்த மனிதன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவன்தான் என்று நம்புகிறேன். முன்பு அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது யாராவது கேட்டால் மட்டும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை.

நெல்லியடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நான் செயலாளர். போட்டியின்றித் தெரிவானவன். அதாவது, தெரிவு நடந்த கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். நிலையம் என்றால், காலையில் நாலு பேர் வந்து பேப்பர் வாசிக்கும் ஒரு கட்டடமும், அந்தக் கட்டடத்தைப் பற்றி உலகத்தின் எல்லா மூலைகளிலும் இருந்து கவலைப்படும் நானூறு அங்கத்தவர்களும். அறிவித்தல்களை அச்சடித்து உள்ளூருக்குச் சைக்கிளிலும் வெளியூருக்குத் தபாலிலும் அனுப்பிய காலம் முடிந்து, இனி எல்லாருக்கும் மின்னஞ்சல்தான் என்று நிர்வாகசபை தீர்மானித்தது. என் சொந்த மின்னஞ்சலிலிருந்து நானூறு பேருக்கு ஒரே தரத்தில் அனுப்பிப் பார்த்தேன். அது என்னைப் பெரிய மோசடிக்காரன் என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைத்தது. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். நல்லவேளை, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்த வெளிநாட்டுக் கம்பனியைப் பிடித்தோம். 'ஒப்பந்தத்தை வாசித்தேன், சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டால் போதும் என்றார்கள். வாசிக்காமல் வாசித்தேன் என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னிடம் அரைவாசியில் நிற்கும் தடித்த நாவல்கள் ஒரு அலுமாரி நிறைய உண்டு. ஆனால் இந்த ஒப்பந்தத்தை இரண்டு பின்னேரங்களில் முடித்தேன். என் மேல் வழக்கு வந்தால், நான் படத்தில்கூடக் கண்டிராத ஓர் ஊரின் நீதிமன்றத்தில், விசா எடுத்துப் போய்த் தோற்க வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது. அனுப்புகிறவரின் உண்மையான தபால் முகவரி ஒவ்வொரு கடிதத்திலும் இருக்க வேண்டும் என்று இன்னோரிடத்தில்.

நடுவில் இருந்த பகுதிதான் முக்கியம். கடிதம் பெறுகிறவர் தாமாக விரும்பிச் சம்மதித்திருக்க வேண்டும். இனி வேண்டாம் என்கிறவர் அழுத்துவதற்கு ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஓர் இணைப்பு இருக்க வேண்டும். அதை அழுத்தியவருக்கு நாங்கள் மறுபடி அனுப்பவும் கூடாது, அவரைப் பட்டியலில் சேர்க்கவும் கூடாது. அவரே வந்து தம் கையால் பதிந்தால் மட்டும் சரி. "எவ்வளவு நாகரிகமான விதி!" என்று நான் நிர்வாகசபையில் எழும்பி நின்று விளக்கம் கொடுத்தேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் ஆட்டியது நித்திரையில்.

நாகரிகம் சரிதான். ஆனால் எங்கள் ஊரில் கலியாணமோ செத்தவீடோ, 'சொல்ல' வேண்டும். சொன்னால் வருவார்கள், சொல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் காலம் வரை அந்த வீட்டு வாசல் படலையைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுச் சொல்லும் வழக்கம் இங்கே கிடையாது. நானோ விதிப்படி எல்லாரிடமும் சம்மதம் கேட்டு முதல் கடிதத்தை அனுப்பினேன். லண்டனிலிருந்து ஒருவர் உடனே தொலைபேசியில் வந்தார். "என்ரை அப்பர் காணி குடுத்துக் கட்டின கட்டடம். அதின்ரை கடிதத்துக்கு நான் உனக்குச் சம்மதம் தரோணுமோடா?" இதைச் சம்மதம் என்று பதிந்துகொண்டேன்.

ஆண்டு விழா நடந்தது. ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. முன்னாள் தலைவர்களில் மூத்தவர் என்ற முறையில் வருடாவருடம் மங்கள விளக்கேற்றுகிறவர் என் அக்காவின் கணவர். அந்த வருடம் அவர் வரவில்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் ஏற்றினார். விளக்கு எரிந்தது, எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்று கிழமை கழித்து, ஆவணியில் வைத்திருந்த மகளின் கலியாணத்துக்குச் சொல்ல நானும் மனைவியும் தொண்டைமானாற்றுக்குப் போனோம். முதலில் அக்கா வீட்டுக்குத்தான் சொல்ல வேண்டும். மகளுக்குத் தகப்பனோடு பிறந்த ஒரே மாமி அவள். அவள் வந்து நிற்காமல் தாலிக்குப் பொன்னுருக்கு நடத்துவதை என் மகள் நினைத்தும் பார்க்க மாட்டாள். அத்தான் விறாந்தையில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்களைக் கண்டும் பேப்பர் இறங்கவில்லை.

"கலியாணத்துக்குச் சொல்ல வந்தனாங்கள், அத்தான்."

"சொல்லத் தெரியுமோ உமக்கு?" என்றது பேப்பர். "ஆண்டு விழாவுக்குச் சொல்லத் தெரியேல்லை. மூண்டு மாசமா ஒரு கடிதம் இல்லை. விளக்கைக் கொண்டுபோய் ஆரோ ஒருத்தரிட்டைக் குடுத்திருக்கிறீர்."

"எல்லாருக்கும் அனுப்பினனான், அத்தான். உங்களுக்கும்."

பேப்பர் இறங்கியது. "ஐசே, நாப்பது வருசம் தபாற்கந்தோரிலை இருந்தவனுக்குத் தபால் படிப்பிக்காதையும். அனுப்பினா வரும். வரேல்லையெண்டா அனுப்பேல்லை."

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். "உந்த மனிசன் விழாவண்டு வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, வாகனம் வரும் எண்டு பின்னேரம் வரைக்கும் படலையையே பாத்துக்கொண்டிருந்தவர், தம்பி," என்றாள். அத்தான் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"வழமையா வாற கடிதம் எல்லாருக்கும் மாதிரி எனக்கும் வரட்டும்," என்றார் அத்தான். "வந்தா நானும் உம்மடை அக்காவும் கலியாணத்துக்கு வாறம்."

வீட்டுக்கு வந்து கம்பனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விலகியவர்கள் பட்டியலில் ஒரேயொரு ஆள். அத்தான். முதல் கடிதம் போய் நாலாவது நிமிடம் அழுத்தியிருந்தார். ஆளைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அடுத்த நாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.

"அத்தான், வேண்டாமெண்டு அழுத்தினது நீங்கள்தான். கடிதத்தின்ரை அடியிலை."

"ஓம், அழுத்தினனான். ஒப்பம்."

"என்ன ஒப்பம்?"

"பதிவுத் தபால் வந்தா, கிடைச்சது எண்டு கீழை ஒப்பம் வைக்கிறேல்லையோ? நீர் அனுப்பினது கிடைச்சது. கீழை ஒரு இடம் விட்டிருந்தீர். வைச்சன். நான்தான் முதல் ஆளா வைச்சிருப்பன்."

"அதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ?"

"ஒப்பம் வைக்கிற இடத்தை ஆர் ஐசே வாசிக்கிறது?"

நாற்பது வருடமாக அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்ற அத்தனை பேரும் வாசிக்காமல்தான் ஒப்பமிட்டிருக்கிறார்கள். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இட்டார்கள். தங்கள் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு போனார்கள். அவருடைய அனுபவத்தில் அது ஒருநாளும் பிழைத்ததில்லை.

"சரி, பிழையெண்டா என்னைத் திருப்பிப் போட்டுவிடும்," என்றார்.

"எனக்குப் போடேலாது, அத்தான். ஒப்பந்தம். நீங்களாத்தான் போய்ப் பதியோணும். இந்தப் பக்கத்தைத் திறந்து, பேரை எழுதி..."

"நான் போய்க் கேக்கிறதோ? எனக்கும் சொல்லுங்கோ எண்டு?" அவர் எழுந்துவிட்டார். "உம்மடை மகளின்ரை கலியாணத்துக்கும் போம் நிரப்பித்தான் வரோணுமோ?"

வாசலில் நின்று யோசித்தேன். சொல்ல வேண்டியது நான், கேட்கக் கூடாதது அவர். இது எங்கள் ஊரின் ஒப்பந்தம். கேட்க வேண்டியது அவர், சொல்லக் கூடாதது நான். இது கம்பனியின் ஒப்பந்தம். இரண்டையும் வாசித்தவன் நான் ஒருவன்தான். அதனால் என்ன பிரயோசனம் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

"உங்கடை சொந்த ஈமெயிலிலை அவருக்கு மட்டும் அனுப்புங்கோவன்," என்றாள் மனைவி, வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது.

அனுப்பினேன். பதில் ஒரே வரியில் வந்தது: 'பந்தியில் இடமில்லையென்று குசினியில் இலை போடுகிறீரோ?'

கலியாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையில் மாமிக்குத் தொலைபேசி எடுப்பாள், சேலையைப் பற்றிக் கதைப்பாள், வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். கட்டடத்துக்குச் செயலாளராக இருப்பது பெரிய காரியமில்லை, ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக இருந்து பார் என்பது போல ஒரு பார்வை.

ஒரு நாள் அந்த மாதக் கடிதத்தை எழுதி முடித்தபோது, அடியில் கட்டாயத்துக்காகப் போட்டிருந்த எங்கள் தபால் முகவரி கண்ணில் பட்டது. மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "உவ்வளவு பெரிய முகவரி போட்டு வைச்சிருக்கிறியள். ஆரும் அதிலை ஒரு கடிதம் எழுதினவையோ?"

யாரும் எழுதவில்லை. கடிதத்தை அச்செடுத்தேன். நானூறு பேருக்கும் போன அதே கடிதம், ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல். அதோடு அவர் தம் கையால் பதிவதற்கான விண்ணப்பத்தையும், தயவுசெய்து இதை நிரப்புங்கள், உங்களைக் கேட்கும்படி கேட்பது நான்தான் என்று ஒரு தாளையும் வைத்தேன். கடித உறையில் போட்டு, நெல்லியடித் தபாற்கந்தோரில் வரிசையில் நின்று, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததற்கு ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பும் அட்டையையும் மறக்காமல் இணைத்தேன்.

நாலாம் நாள் அட்டை திரும்பி வந்தது. தபாலதிபர்களுக்கே உரிய அந்தச் சரிந்த ஒப்பம், திகதியோடு. வேறு ஒரு சொல் இல்லை. அது சம்மதமா, வெறும் கடமையா என்று மனைவியும் நானும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

பொன்னுருக்கு அன்று எட்டு மணிக்கே படலையில் ஓட்டோ நின்றது. அக்கா இறங்கி நேரே மகளிடம் போனாள்; உள்ளே இரண்டு பேரும் அழுகிற சத்தமும் உடனே சிரிக்கிற சத்தமும் கேட்டது. பின்னால் அத்தான், வெள்ளை வேட்டியில். கையில் என் கடித உறை. ஒட்டியபடியே இருந்தது.

"உடைக்கேல்லையோ, அத்தான்?"

"என்னத்துக்கு உடைக்கிறது? பதிவிலை அனுப்பியிருக்கிறீர். சொல்லிப்போட்டீர். ஒப்பம் வைச்சிட்டன்." கடித உறையைச் சேட்டுப் பைக்குள் வைத்தார். "எங்கை, தேத்தண்ணி ஒண்டும் இல்லையோ?"

விண்ணப்பம் இன்றைக்கும் அந்த உறைக்குள்தான் இருக்கிறது. ஆகவே அவர் இன்னும் பட்டியலில் இல்லை. கம்பனியின் ஒப்பந்தத்தை நான் ஒரு எழுத்தும் மீறவில்லை. ஒவ்வொரு மாதமும் நானூறு பேருக்கு ஒரு விரலால் அனுப்பிவிட்டு, ஒரு ஆளுக்காகத் தபாற்கந்தோர் வரிசையில் முக்கால் மணித்தியாலம் நிற்கிறேன். அட்டை தவறாமல் நாலாம் நாள் திரும்பி வருகிறது. இப்போதெல்லாம் ஒப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வரியும் இருக்கும். போன மாதம் எழுதியிருந்தார்: 'கிடைத்தது. முத்திரை சரிந்து ஒட்டப்பட்டுள்ளது. கவனிக்கவும்.'